முழுசா மிதிக்கச் சொன்ன சாம்பசிவம்

செகந்திராபாத் லோத்குண்டாவில் ராணுவத்தாரின் நீள மதில் முடிந்து கடைகள் தொடங்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் கீழே பழைய வெள்ளை வேன் ஒன்று நிற்கும். வண்டிகள் விடுகிற புகையைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் வேன். அதற்குள் கம்ப்யூட்டரும் மெஷினுமாக உட்கார்ந்திருப்பவன் சாம்பசிவம், என் சித்தப்பா மகன். எனக்கு எட்டு வயது இளையவன். இப்போது அவனுக்கு அறுபத்துநாலு நடக்கிறது.

எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு ராணுவக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். சித்தப்பா ராணுவ லாரி ஓட்டினார். சாம்பு காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் வண்டிப் பிரிவில் முப்பத்துமூன்று வருஷம் இருந்தான். பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அவன் கட்டிய வசந்தகுமாரி என் ஓரகத்தியின் தங்கை. பேசி முடித்ததே நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். ஒரே மகன் சீனு சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது, ரயிலே போதும் என்பான். ஞாயிறு சாயங்காலம் அப்பாவைக் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டு முடித்ததும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. போனை யார் முதலில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வசந்தா போனபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை என்று சொல்லித்தான் அந்த வேனை வாங்கினான். நாலு பேர் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தான். புகைச் சீட்டு வாங்க வருகிறவன் முகம் காட்டுவதில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கையை மட்டும் நீட்டுவார்கள். வேறு சில வேன்களில் நம்பர் பிளேட்டை போட்டோ பிடித்துக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிடுவது வழக்கம். சாம்பு அப்படிச் செய்யமாட்டான். சைலன்சருக்குள் குழாயைச் செருகி அளந்தால்தான் சீட்டு. டீசல் வண்டி என்றால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து விட வேண்டும், ஒரு தரமில்லை, நாலைந்து தரம். இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? ஒரு முறை வந்தவர் மறுமுறை வரமாட்டார். பாதி நாள் அவன் அந்த மதிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கு என்று ஒரு கூட்டம் கிடைத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். வேனுக்கு எதிரே ஓர் இரானி டீக்கடை. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப் பைத்தியம் பிடித்த மூன்று பேர் கூடுவார்கள். ஒரு நாள் பெரிய பிக்கப் வண்டி ஒன்று வேனை ஒட்டி வந்து நின்றது. சாம்பு செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, பெல்ட் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றான். வண்டிக்காரன் இறங்கி வந்து அவன் முன்னால் நின்றுவிட்டான். அதுதான் முரளி. கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, நாற்பது வயதிருக்கும். அன்றைக்கே டீ இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதன்பிறகு ஞாயிறு காலை ஏழு மணிக்கு சாம்பு மெஷினைத் திறப்பதில்லை. நாலு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து மரத்தடியில் போட்டுவிட்டுக் காத்திருப்பான்.

இரண்டாவது ஆள் ராகவேந்திரா. எங்களைப்போல மூன்று தலைமுறையாக செகந்திராபாத்காரர். அவரிடம் இருபத்திரண்டு வருஷத்து டீசல் ஜீப் ஒன்று இருந்தது. மூன்றாவது தாரிணி, பல் டாக்டர். தமிழ் வீடுதான், ஆனால் இங்கே படித்த பெண், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். தரையோடு தரையாக ஊர்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் வயிறு உரசும்.

அவர்கள் பேச்சை சாம்பு எனக்குப் போனில் ஒப்பிப்பான்.

"இவ்ளோ பெரிய தொட்டியைப் பின்னால வச்சிக்கினு என்னத்தப்பா ஏத்துற?" என்று ராகவேந்திரா முரளியைக் கேட்பாராம். "போன வாரம் எட்டிப் பாத்தேன். ஒரு தண்ணி கேன், ஒத்தைச் செருப்பு."

"தொட்டி இருக்கறது ஏத்தறதுக்கு இல்லீங்ணா. வேணும்னா ஏத்தலாம்ங்கற தைரியத்துக்கு," என்பான் முரளி. பிறகு தாரிணியின் பக்கம் திரும்புவான். "டாக்டரம்மா வண்டியில உக்கார முடியாதுங். படுத்துக்கோணும்."

"நவ்வண்டி, நவ்வண்டி. காட் ரோட்லோ சூத்தாம்," என்பாள் அவள். சிரியுங்கள், மலைப்பாதையில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

வண்டிப் புகைச் சட்டம் என்று பேச்சு வந்துவிட்டால் ராகவேந்திராவுக்குக் கோபம் வந்துவிடும். பதினைந்து வருஷமானால் வண்டி கிழமாம், அவருக்கு அறுபத்தெட்டு ஆகிறதே, அவரை எந்தப் பழைய இரும்பு யார்டில் கொண்டுபோய் நசுக்குவார்களாம்? புது டீசல் வண்டியின் சைலன்சரில் கரியைப் பிடிக்க வைக்கிற ஃபில்டர் ஓடுகிறவன் மூக்கில் துணியைக் கட்டுகிற மாதிரி என்பான் முரளி. நகரத்து நெரிசலில் அது அடைத்துக்கொண்டு இன்ஜினையே கெடுக்கிறதாம். தாரிணி மட்டும் சட்டம் சரிதான் என்பாள். சொல்லிவிட்டு, தன் காரின் உறுமல் குறைந்தால் மட்டும் தாங்காது என்று அவளே சிரித்துவிடுவாளாம். கடைசியில் சாம்புவைக் கேட்பார்கள்.

"சட்டம் எழுதினவன் ஆபீஸ்ல இருக்கான். ஓட்டறவன் முன்னால இருக்கான். நான் ஒருத்தன்தான் வண்டிக்குப் பின்னால நிக்கிறேன்," என்பான் இவன். எல்லோரும் சிரிப்பார்கள். தான் சொல்லி நாலு பேர் சிரித்ததை அவன் எனக்கு இரண்டு தடவை சொல்லுவான்.

ஒன்று மட்டும் அங்கே யாரும் பேசியதில்லை. முரளியின் வண்டியில் அந்த ஃபில்டர் இல்லை. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்திருந்தான். வந்த முதல் நாளே சத்தத்தில் சாம்புவுக்குத் தெரிந்துவிட்டது. தாரிணியின் சைலன்சரும் மாற்றியதுதான். ராகவேந்திராவின் ஜீப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் இவனிடம் சீட்டுக் கேட்டதில்லை, இவனும் உங்கள் சீட்டு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதில்லை. அத்தனை நாளும் நாற்காலிகள் மரத்தடியில் இருந்தது அப்படித்தான்.

போன டிசம்பரில் மூன்று பேரும் ஸ்ரீசைலத்துக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. முரளி சாம்புவையும் கூப்பிட்டான். முன் சீட் உங்களுக்குத்தான், மலை ஏறும்போது இன்ஜின் எப்படிப் பேசுகிறது என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றானாம். வசந்தா போனபிறகு சாம்பு ஊரைவிட்டு வெளியே போனதே கிடையாது. அந்த வாரம் எனக்கு மூன்று தடவை போன் செய்தான். ஸ்வெட்டர் எடுத்துப் போகவா, ஃப்ளாஸ்க் ஒன்று வாங்கினேன், மலையில் பனியிருக்குமா என்று. சட்டைகளைத் தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தான். சீனுவிடமும் சொன்னானாம். அன்றைக்கு அப்பாவுக்கும் மகனுக்கும் பத்து நிமிஷம் பேச்சு ஓடியதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு போய் நின்றான். எல்லோரும் வந்துவிட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் முரளி பேப்பர்களைப் புரட்டிப் பார்த்தால், புகைச் சீட்டின் தேதி இரண்டு நாளுக்கு முன்னால் முடிந்திருந்தது. காட்டுச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அவன் வழக்கமாக வாங்குகிற வேன் அந்த நேரத்தில் வராது.

"அண்ணா, நீங்களே ஒண்ணு போட்டுக் குடுத்துருங். பத்து நிமிசம்," என்றான்.

சாம்பு பையைக் கீழே வைத்தான். வேனைத் திறந்து மெஷினைப் போட்டான். முரளி வண்டியைத் திருப்பி நம்பர் பிளேட்டைக் கேமராவுக்கு நேராக நிறுத்தினான். வேலை அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டான். சாம்பு குழாயை எடுத்துக்கொண்டு இறங்கிச் சைலன்சரில் செருகினான்.

முரளி மிதித்தான். பாதிதான் மிதித்தான் என்று சாம்புவுக்குக் காதிலேயே தெரிந்தது. புகை வரக்கூடாது என்று நினைப்பவன் அப்படித்தான் மிதிப்பான்.

"முழுசா மிதி முரளி."

"போதுங்ணா."

"முழுசா மிதி. பாதியில காலை எடுக்காத."

முரளி கண்ணாடியில் இவனைப் பார்த்தான். பிறகு முழுசாக மிதித்தான். ஒன்றல்ல, நாலு தடவை. பின்னால் நின்ற சாம்புவின் வெள்ளைச் சட்டையில் கரி படிந்தது. இஸ்திரி போட்ட சட்டை. மெஷின் ஃபெயில் என்று காகிதத்தைத் துப்பியது.

முரளி கோபப்படவில்லை. அதுதான் சாம்புவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போட்டோ மட்டும் எடுத்திருக்கலாமுங்ணா," என்றான் மெதுவாக.

"நக்கோ முரளி, வேணாம். அது எனக்கு வராது."

சரி, சாவடித் தொல்லை எதற்கு, பயணத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று முரளி சொன்னான். தாரிணி பரவாலேது அங்கிள் என்றாள். ராகவேந்திரா ஜீப் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வரவில்லை. சாம்பு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அவர்களுக்கென்று போனில் ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் சாம்புவும் இருந்தான். மறுநாள் அதில் ஸ்ரீசைலம் படங்கள் வந்தன. அணைக்கட்டு, மலை வளைவு, சிவப்புக் கார், ஜீப். பிக்கப்பும் இருந்தது. ஒரு படத்தில் அதன் கதவு திறந்திருந்தது. சாம்பு விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான்.

"முன் சீட்டுல ஆரஞ்சுப் பழக் கூடை வச்சிருக்காங்க அக்கா," என்றான் என்னிடம்.

ஒரே ஒரு சீட்டுத்தானே, அதைக் கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"குடுக்கலாம்க்கா. அப்புறம் நான் அந்த வேன்ல எதுக்கு உக்காந்திருக்கேன்?" என்றான்.

அதற்கடுத்த வாரம் குழுவில் ஒரு செய்தி வந்தது. இனிமேல் சுசித்ரா ஜங்ஷனில் வேறொரு டீக்கடை, அங்கே வண்டி நிறுத்த இடம் தாராளம் என்று. எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட செய்தி. இவனை வராதே என்று யாரும் சொல்லவில்லை, குழுவிலிருந்தும் எடுக்கவில்லை. இடம் மாறியது இவனாலா, வண்டி நிறுத்துகிற வசதிக்காகவா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஸ்கூட்டரில் போனால் அரை மணி நேரம். அவன் போகவில்லை. இரண்டு ஞாயிறு நாலு நாற்காலியும் போட்டுப் பார்த்தான். பிறகு ஒன்றோடு நிறுத்திக்கொண்டான். குழுவில் பிக்கப் பெரிதா ஸ்போர்ட்ஸ் கார் பெரிதா என்று சண்டை நடக்கும். இவன் கஷ்டப்பட்டு நாலு வரி தட்டிப் போடுவான். யாராவது ஒருவர் கட்டை விரல் படம் போடுவார்கள். சண்டை அதைத் தாண்டிப் போய்விடும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். ஒரு பிக்கப் வந்து வேனுக்குப் பின்னால் நின்றது. சத்தத்தைக் கேட்டு யாரோ புது ஆள் என்று சாம்பு நினைத்திருக்கிறான். கேமராவில் நம்பர் வந்தபிறகுதான் அது முரளியின் வண்டி என்று தெரிந்தது. காது ஏமாந்துவிட்டது. உள்ளே முரளி இல்லை. கிருஷ்ணா என்று ஒரு டிரைவர், ஐம்பது வயதுக்காரர்.

சார் ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டார் என்று அவர் சொன்னார். "இந்த வேனுக்குத்தான் போகணும்னு சொல்லியனுப்பினாருங்க. வேற எடத்துல பாக்காமலே குடுத்துடுவாங்களாம்."

சாம்பு குழாயைச் செருகினான். சொல்லாமலே கிருஷ்ணா அடிவரை மிதித்தார். அதையும் சார்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாலு தடவையும் சுத்தமாக வந்தது. பாஸ். சீட்டு அச்சாகி வந்தது. சாம்பு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"சார் வேற எதுனா சொன்னாரா?"

கிருஷ்ணா யோசித்துப் பார்த்தார். "சீக்கிரம் வரச் சொன்னாருங்க. ஏர்போர்ட் போகணுமாம்."

"இன்னொரு தடவை மிதிங்க," என்றான் சாம்பு. மெஷினுக்கு அது வேண்டியதில்லை. டிரைவருக்கு அது தெரியாது, மிதித்தார். சாம்பு பின்னால் அந்தத் தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை நின்றானாம். பிறகு சீட்டைக் கொடுத்து அனுப்பினான்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, வண்டி இப்போது நன்றாக இருக்கிறது என்றான். முரளிக்கு ஒரு வார்த்தை போன் செய்யேன் தம்பி என்றேன்.

"என்னான்னு பேசறதுக்கா?" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் எத்தனை நாற்காலி போட்டான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.