ஒருமுறை வந்து போன நோய்

எப்போதும்வென்றான் கிராமத்தில் ஆட்டுக்கு நோய் கண்டால் பாண்டிச்செல்வியைத்தான் கூப்பிடுவார்கள். மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் எடுத்தால் ஆட்டுக்கொல்லி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அதில் பிழைத்த ஆட்டுக்கு அந்த நோய் திரும்ப வராது என்பதும் அவளுக்குத் தெரியும். மாமனார் வீட்டுப் பட்டியில் தடுப்பூசி போடுகிற நாளில், அறுபது உருப்படிகளையும் இடுக்கிப் பிடித்துக் கொடுப்பவள் அவள்தான்.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. புருஷன் இசக்கிராஜா கயத்தாற்றிலிருந்து லாரி ஓட்டுகிறவன். நாசிக்குக்கு லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாளாகும்.

மூன்றாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று கிராமத்து நர்ஸ் வனிதா மற்ற பெண்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ரத்தத்தில் மேகநோய்க் கிருமி இருக்கிறது, சிபிலிஸ் என்பார்கள், ஊசியில் சரியாகிவிடும் என்றாள். எங்கிருந்து வந்தது என்று பாண்டிச்செல்வி கேட்டாள். வனிதா நேராகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரரும் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை இருவரும் சேரக் கூடாது என்று மட்டும் சொன்னாள். பாண்டிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு நடந்த வழியில் யார் பேச்சுக் கொடுத்தும் அவள் காதில் விழவில்லை.

வாரம் ஒன்றாக மூன்று வாரம் இடுப்பில் ஊசி. மாமியார் ஆவுடைத்தாயிடம் சத்து ஊசி என்று சொல்லிவைத்தாள். வலியோடு விந்தி விந்தி ஆடுகளின் பின்னால் போனாள்.

இசக்கிராஜா வந்ததும் பட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. ஐப்பசியில் வெளியூரில் ஒரு தப்பு நடந்துவிட்டது, பிறகு ஒரு புண் வந்தது, வலிகூட இல்லை, தானாகவே ஆறிவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். ஊசிக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். தெரிந்தவர் யாராவது சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் அவனுக்கு.

"வந்தது வந்துட்டுப் போயிட்டு. பொழச்ச ஆட்டுக்கு மறுபடி சீக்கு வருதா? நீயே சொல்லு," என்றான்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியமும் அதைத்தான் சொன்னது. தனக்கும் நோய் வந்து, ஊசியும் போட்டாயிற்று; இனி அண்டாது என்று நம்பினாள். அவன் வீட்டில் இருந்த நாட்களில் அவள் விலகிப் படுக்கவில்லை. அவனை ஊசிக்கு வரச் சொல்லி வனிதா இரண்டு முறை போன் செய்தபோது, லோடுக்குப் போயிருக்கிறார் என்றே சொன்னாள்.

ஏழாம் மாதம் முடியும் தறுவாயில் வயிற்றில் அசைவு நின்றது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழவில்லை. இசக்கிராஜா அதைத் துண்டில் பொதிந்து கொண்டுபோய், மழை காணாமல் வெடித்துக் கிடந்த கரிசலில் புதைத்துவிட்டு வந்தான்.

பத்து நாள் கழித்து வனிதா வீட்டுக்கு வந்தாள். மறுபடி எடுத்த ரத்தத்தில் கிருமி புதிதாக ஏறியிருந்தது. ஒரு தடவை வந்ததால் உடம்பு இந்தக் கிருமிக்கு எதிராகக் காவல் வைத்துக்கொள்வதில்லை, ஊசி அன்றைக்கு இருந்த கிருமியை மட்டுமே கொல்லும், பத்துத் தடவை ஆறினாலும் பதினோராவது தடவை வரும், புருஷனுக்குப் புண் ஆறிய பிறகும் கிருமி உள்ளேதான் இருந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"ஆட்டுக்குக்கூட தடுப்பூசி இருக்கேக்கா. இதுக்கு இல்லையா?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

"இன்னும் கண்டுபிடிக்கல தாயி."

"அவிய சொன்னதுக்கு நானும் சரின்னுட்டேன். எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை முதல் நாளே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று வனிதாவுக்கும் உறுத்தலாக இருந்தது.

அடுத்த வாரமே இசக்கிராஜா, யாரும் கூப்பிடாமல், பாண்டிச்செல்வியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊசிக்குக் காத்திருந்தார்கள்.

ஆவுடைத்தாய்க்கு எதுவும் தெரியாது. மாசமாக இருக்கிறவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள், அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினாள். ஒருநாள் இசக்கிராஜா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிழவி அதே பேச்சை எடுத்தாள். அவன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

"எம்மா, அவள ஒண்ணும் சொல்லாத. எங்கிட்டருந்து போன சீக்குதான் பிள்ளயக் கொன்னுட்டு."

கிழவி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பாண்டிச்செல்வி அடுப்படிக்குள் போய், பிள்ளை போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

இசக்கிராஜா தூரத்து லோடை விட்டுவிட்டுத் தூத்துக்குடி உப்பு லோடுக்கு மாறினான். பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுகிறான். மறு வருடம் ரத்தம் பார்த்துவிட்டு, இருவருக்கும் சரியாகிவிட்டது, இனிப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று வனிதா சொன்னாள். பாண்டிச்செல்வி ரத்தம் பார்த்த சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பாப்போம்க்கா," என்று மட்டும் சொன்னாள்.