விமானத்துக்கு எத்தனை தேசிக்காய்?

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு விமானம் ஓட்டும் லைசன்ஸ் கிடைத்துவிட்டது. முழு விமானம் வாங்க எங்களுக்கு வசதியில்லை. நான்கு பேர் சேர்ந்து வைத்திருக்கும் பழைய விமானமொன்றில் கால்பங்கு விலைக்கு வந்தது.

"அம்மா ஓம் எண்டால்தான் வாங்குவன்" என்றார் அப்பா.

இல்ஃபோர்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அதைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் அம்மா ஓயவில்லை.

"கார் விடவே ரோட்டில இடமில்லை, உங்களுக்குப் பிளேன் கேக்குதோ?"

விமானக் கொட்டகைக்குள் அது வெள்ளையாக, பொம்மை போல நின்றது. இரண்டே இருக்கைகள். பங்கை விற்கும் ஆங்கிலேயத் தாத்தா கதவைத் திறந்துவிட்டார். அப்பா ஏறவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"என்னப்பா, சொல்லுமன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா கைப்பையைத் திறந்து, எலுமிச்சையை, அதுதான் எங்கள் தேசிக்காயை, சில்லுக்கு ஒன்றாகச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். புதுக் கார் வாங்கினால் நாங்கள் செய்வதுதான்!

விமானம் உருண்டுவிடும் என்று அம்மா பயப்படுவதாக நினைத்து, தாத்தா ஓடிப்போய் மரக்கட்டைகள் கொண்டுவந்தார். அப்பா சந்தோஷத்தில் அவரையே கட்டிப்பிடித்தார்.

நான் ஒன்றைக் கவனித்தேன். காருக்கு நான்கு வேண்டும். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது மூன்றுதான்.

"இதுக்கு மூண்டு சில்லு எண்டு உங்களுக்கு முதலே எப்பிடித் தெரியும்?"

"சத்தம் போடாதை பிள்ளை. அப்பாக்குக் கேக்கப்போகுது."

அப்பாவுடன் முதலில் பறக்க வேண்டியது நானா, அம்மாவா? நியாயமாகச் சொல்லுங்கள்.

தாத்தா கொட்டகை விளக்குகளை அணைத்துவிட்டார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்த அம்மா இன்னும் விமானத்துக்குள்தான் இருக்கிறார்.