செவ்வாய்க்கிழமை மிஷின்

மிஷினிலிருந்து இறங்கும் கேழ்வரகு மாவு சுடச்சுட இருக்கும். தகர டின்னை இடுப்பில் வைத்தால் பாவாடையையும் தாண்டிச் சூடு ஏறும், மாவின் வாசனை பெருநகர் போகும் பஸ் நிற்கும் இடம்வரை வரும். அந்த மாவு மிஷின் என் நைனாவுடையது. அம்மாவின் வளையல்களை விற்று, மாதக்கணக்கில் காஞ்சிபுரத்துக்கு அலைந்து, எழுபதுகளின் நடுவில் அவர் அதைக் கொண்டுவந்து இறக்கியபோது, "நம்ம பொம்பளைங்களுக்குக் கையி இல்லியா இன்னா?" என்று ஊர் சிரித்தது. துணிச்சல்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கும் கோபம் வேறு.

முதல் வருஷம் ஊர்த்தெருவிலிருந்து ஒரு டின்கூட வரவில்லை. மிஷினை ஓடவைத்தவர்கள் காலனிப் பெண்கள்தான். பகலெல்லாம் ஊர்க்காரர் கழனியில் குனிந்துவிட்டு, கூலியாக வாங்கிய கேழ்வரகை மாலையில் அரைத்துக்கொண்டு போனால்தான் அவர்கள் வீட்டில் களி. முதன்முதலில் வந்தது ராணியக்கா. என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் செல்வியின் அம்மா. மிஷின் வந்துவிட்ட தைரியத்தில் வீட்டில் கையால் மாவரைக்க வைத்திருந்த ஏந்திரக்கல்லை மானாம்பதியிலிருக்கும் தங்கைக்குக் கொடுத்தனுப்பிவிட்டது.

மெதுவாக ஊர்ப்பெண்களும் வந்தார்கள். மிஷினுக்குள் எப்போதும் கொஞ்சம் மாவு தங்கும். அடுத்தவர் டின்னில் முதலில் விழுவது முந்தையவர் மாவுதான். அதனால் வந்ததும் எல்லாரும் "முன்ன இன்னா ஓடிச்சி?" என்று கேட்பார்கள், மிளகாய் ஓடியிருந்தால் சற்றுப் பொறுப்பார்கள். ஒருநாள் பெரிய வூட்டம்மா வந்து நின்று, அந்தக் கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்: "முன்ன யாருது ஓடிச்சி?"

நைனா மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டார். காலனிக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும். செவ்வாய் ஆகாது என்று ஊரார் அன்று அரைக்க வருவதில்லை, மிஷின் எப்படியும் சும்மாதான் கிடக்கும், புதன் காலையில் முதலில் கொஞ்சம் தவிடு ஓட்டிவிட்டால் போதும். "யேவாரம்னா நாலு பேரு மனசு கோணாம நடந்துக்கணும்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அந்த நாலு பேரில் ராணியக்கா சேர்த்தி இல்லை.

விஷயம் தெரியாமல் வியாழக்கிழமை மாலை ராணியக்கா டின்னோடு வந்தது.

"செவ்வாக்கெயம எட்த்தா" என்றார் நைனா.

"இன்னிக்குக் கூலி இது, மொதலாளி. இத வச்சிக்கினு செவ்வா வரிக்கும் இன்னாத்த துன்றது? வூட்ல கல்லுகூட இல்ல."

"அதுக்கு நானா பொறுப்பு?"

ராணியக்கா மிஷினைப் பார்த்தது. "மொத மொத என் கேவுருதான இதுல ஓடிச்சி" என்றது. நைனா மிஷின் பெல்ட்டை மாட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டார். நான் அவரிடம் அடுத்த டின்னை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் செல்வி என் பக்கத்தில் உட்காரவில்லை. கேட்டதற்கு, "கேவுர வறுத்துத் துன்னோம். தம்பிக்கு மெல்ல வரல, அழுதுக்கினே தூங்கிட்டான்" என்று மட்டும் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நைனாவுக்கு நன்றாகவே இறங்கியது.

பிறகு அவர் ஊராருக்கென்று தனி வாசலோடு இரண்டாவது மிஷின் போட்டார், அரைகூலியையும் கூட்டினார், சந்தோஷமாகக் கொடுத்தார்கள். பழையது காலனிக்கு. தேவையை அறிந்து தொழில் செய்தவர் என்று இன்றும் அவரைப் புகழ்கிறார்கள். அவர் அறிந்த தேவை இதுதான். வளையலை விற்ற துணிச்சலை ஊரே பேசுகிறது. கல்லைக் கொடுத்துவிட்டு அவரை நம்பிய துணிச்சலைப் பேச ஆளில்லை.

இப்போது மிஷின் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. நைனாவும் இல்லை, ராணியக்காவும் இல்லை. என் தம்பி கேழ்வரகு மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறான். திறப்பு விழா நோட்டீசுக்கு நைனாவைப் பற்றி நாலு வரி கேட்டான். எழுதிக்கொடுத்தேன். அச்சாகி வந்ததில் மூன்று வரிதான் இருந்தது. ராணியக்கா பெயர் இருந்த வரி எங்கே என்று கேட்டேன்.

"எடம் பத்தலக்கா" என்றான்.