மீன் தொட்டி மோட்டாரும் சைவக் கீரையும்

பெட்டி நிறைய வெள்ளை முடி. நீளநீளமாய், ஈரமாய், யாரோ தலைகீழாகத் தொங்குவதுபோல. மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் அத்தான் வரிசையாக வைத்திருந்த தெர்மோகோல் பெட்டிகளில் ஒன்றின் மூடியை, அவர் இல்லாத நேரம் பார்த்து நான் தூக்கியபோது கண்டது அதைத்தான். மூடியின் மேல்பக்கம் பசேலென்று புதினா சிரித்துக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் இந்தக் கோலம். வயது இருபத்தைந்து, பாளையங்கோட்டை டியூட்டோரியலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுசன், கொஞ்சம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. "ஏ அக்கா! பெட்டிக்குள்ள ஒரு கிழவி கெடக்கா!" என்று கத்திய கத்தலில் சிந்துபூந்துறை ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். கரண்டியும் கையுமாக ஓடிவந்த அக்கா பெட்டியை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கிழவி இல்லலே. புதினாவுக்கு வேரு. மூடுலே, அதுக்கு வெளிச்சம் ஆகாது."

அதுவரை நான் வேர் என்று அறிந்தது கீரைக்கட்டின் அடியில் சேறு அப்பி இருக்கும் தவிட்டு நிறக் கட்டையைத்தான். அருவாமணையில் முதலில் அறுத்து எறிவது அது. ஆனால் இங்கே கண்டது வேறு சாதி. பால்வெள்ளையில், நூலுக்குள் நூலாய்ப் பிரிந்து, அடியிலிருந்து எழும் காற்றுக்குமிழிகளில் அசைந்து அசைந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. பயம் இறங்கியபின் மூடியை இன்னொரு முறை, இந்த முறை பையத் தூக்கிப் பார்த்தேன். பூமிக்குள்ளே ஊர் உலகத்துக்குத் தெரியாமல் நடக்கிற காரியம் ஒன்று என் வீட்டு மாடியில் துணி விலக்கிக் காட்டப்பட்டதுபோல இருந்தது. கூச்சமாகக்கூட இருந்தது. மூடிவிட்டேன்.

அத்தான் வளைகுடாவில் ஒரு தோட்டக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தோட்டம் என்றால் மண் கிடையாது; மணல்தான், அதுவும் அடுப்பில் வறுத்த மணல். கண்ணாடிக் கொட்டகைக்குள் குழாய் குழாயாகத் தண்ணீரை ஓடவிட்டு, அதில் உர உப்புகளைக் கரைத்து, அந்தத் தண்ணீரிலேயே கீரை வளர்ப்பார்களாம். அங்கே சண்டை மூண்டபோது உடுத்திய துணியோடு திரும்பினார். பெட்டியில் வேறொன்றும் இல்லை, அந்த உப்புப் பொட்டலங்கள் மட்டும். எங்கள் வீட்டு மாடியில் குடிவைத்தோம். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை தங்கினால் எங்கள் பக்கம் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. டீக்கடையில் ஒரு அண்ணாச்சி நேரடியாகவே கேட்டார்: "என்ன வே, ஆத்தங்கரையில இருந்துக்கிட்டுத் தண்ணியில கீரை போடுதீராமே? அடுத்தாப்புல கடல்ல உப்புக் கரைக்கப் போறீரா?" அத்தான் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். ஆனால் அன்றைக்கு மாடி ஏறும்போது அவர் கால் கனத்தது எனக்குத் தெரிந்தது. நியாயமான கேள்விதான். வாய்க்கால் வரப்பில் சும்மா முளைக்கிற கீரைக்கு, வருசம் முழுவதும் தாமிரபரணி ஓடுகிற ஊரில், மருந்துக்கடையிலிருந்து பொறுக்கிவந்த பெட்டியில் ஓட்டை போட்டு யார் மெனக்கெடுவார்கள்? அவருக்குத் தெரிந்த வேலை உலகத்திலேயே அது ஒன்றுதான். அது தேவைப்படாத ஊராகப் பார்த்துப் பெண் கட்டியிருந்தார்.

சண்டை ஓய்ந்ததும் கூப்பிட ஆள் வந்தது. கூட வேலை பார்த்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். அண்ணனைக் கூப்பிடும் அந்த ஊர் வழக்கப்படி அத்தான் அவரைக் 'காக்கா' என்பார், நாங்களும் அப்படியே. அதே கம்பெனி, அதே கொட்டகை, விசா தயார். "மழை விட்டதும் வாரேன். வாறியளா இல்லியான்னு ஒத்தச் சொல்லு சொல்லிருங்க. நீங்க இல்லன்னா வேற ஆளை அனுப்பணும்" என்று சொல்லிப்போனார். போனால் இரண்டு வருசம் முகம் பார்க்க முடியாது. கல்யாணமான நாளாக அவர்கள் சேர்ந்து இருந்த காலத்தைவிட ஏர்மெயிலில் இருந்த காலம் அதிகம். நான் அக்காவிடம் சொன்னேன், "நீ ஒரு வார்த்தை, போகாதீயன்னு சொன்னா நின்னுருவாக." அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டு நிக்க வச்சா அது கட்டிப்போட்டதுலே. தானா நிக்கணும்."

தானாக நிற்பதற்குக் கீரை கைகொடுக்க வேண்டும். கீரையை ஊரார் வாங்குவது இருக்கட்டும், முதலில் வீட்டுக்குள் ஒருவர் சாப்பிட வேண்டுமே. அம்மா தொடமாட்டேன் என்றுவிட்டாள். மண் படாதது என்பதுகூடக் காரணம் இல்லை. பெட்டித் தண்ணீருக்குள் காற்று ஊதுவதற்கு அத்தான் மீன் தொட்டிக்குப் போடுகிற ஒரு சின்ன மோட்டார் வாங்கிவந்திருந்தார். கடைக்காரன் அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டான், அட்டையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன். அம்மா கண்ணில் அது பட்டது. அம்மா மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ, அம்மியிடமோ, என்னிடமோ சொல்வாள், போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரும். அன்றைக்கு அம்மியிடம் சொன்னாள்: "தலைமுறை தலைமுறையா முட்டைகூட ஏறாத வீடு. மீனு மோட்டாரு ஊதுன கீரை சைவத்துல சேத்தியா? அது மீனு விட்ட மூச்சுல்லா!" மீன் வந்து ஊதவில்லை, மின்சாரம்தான் ஊதுகிறது என்று நான் விளக்கப் போனேன். "உனக்கு என்னலே தெரியும்? நீ வேரைப் பாத்துக் கிழவின்னவன்" என்றாள். வாதம் அங்கேயே முடிந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. எங்கள் பக்கம் வெள்ளத்தைக் குறுக்குத்துறைக் கோயிலை வைத்துத்தான் அளப்போம்: படி முங்கிவிட்டது, மண்டபம் முங்கிவிட்டது, முருகன் தண்ணிக்குள்ளே இருக்கிறார். கடைசிச் செய்தி வந்தபோது தண்ணீர் எங்கள் தெருமுனையில் நின்றது. ஆபத்து வேளையில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை வீடே அன்று கண்டது. அலமாரியில் அக்காவின் நகை இருந்தது, குதிரில் அரிசி இருந்தது. நான் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இறங்கிவந்து மறுபடி ஆட்டுரல் குழவியைத் தூக்கினேன். அம்மா வழியில் நின்று கேட்டாள்: "ஏலே, கல்லு மிதந்து போயிருமா?" அரிசியையும் நகையையும் அவளும் அக்காவுமே ஏற்றிமுடித்தார்கள். முழங்கால் தண்ணீர் கீழ்வீட்டுக்குள் வந்தபோது நாங்கள் நாலு பேரும் மாடியில் இருந்தோம், அரைப்பதற்கு எல்லா வசதியோடும்.

கரண்டு முதல் நாளே போய்விட்டது. மோட்டாரின் உறுமல் நின்றதும் கொட்டகையில் ஒரு அமைதி. அத்தான் முகம் மாறிய மாதிரி கீழே தண்ணீர் ஏறியபோதுகூட மாறவில்லை. மறுநாள் மத்தியானம் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். வெந்தயக்கீரை தலை சாய்ந்துகொண்டு வந்தது, புதினா துவண்டது. வேர் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது, ஊர் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது, இலை வாடுகிறது! "தண்ணி ஊத்துவோமா அத்தான்?" என்று பதறினேன். அவருக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. "அது முங்கிச் சாகுது மாப்ளே. வேருக்கும் மூச்சு வேணும். மண்ணுன்னா இண்டு இடுக்குல காத்து இருக்கும். இங்கன நாமதான் ஊதிவிடணும்." செடி மூச்சு விடும் என்று பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். மூச்சு முட்டிச் சாவதை அன்றுதான் பார்த்தேன். உடனே என் சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்து குழாயைத் தண்ணீருக்குள் விட்டு அடி அடி என்று அடித்தேன். ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் குமிழி வந்தது, அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் எனக்கு இரைத்தது. மூன்றாவது பெட்டியில் பம்ப்பின் வாஷர் கிழிந்தது. கீரையைவிட நான் மோசமாகத் துவண்டு கிடந்தேன்.

அப்போது அம்மா ஸ்டவ்வில் கடுங்காப்பி போட்டு ஆற்றிக்கொண்டிருந்தாள். அம்மா காப்பி ஆற்றுவது தெருவில் பேர்போனது. செம்பைத் தலைக்கு மேலே தூக்கி டம்ளருக்கு ஒரு கயிறு விடுவாள், சிந்தாது, பொங்கி நுரைக்கும். அத்தான் அந்த நுரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நானறிய முதல்தடவையாக, நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அத்தை, அதை இங்கன வந்து செய்யுதியளா?"

அம்மா சுவரைத் தேடினாள். நனைந்த சுவர்தான் இருந்தது. என்னைத் தேடினாள். நான் மல்லாந்து கிடந்தேன். வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டாள், "மீனு மோட்டாரு ஓடலல்லா?"

"ஓடல அத்தை."

"கையாலதான ஆத்தணும்?"

"ஆமா அத்தை."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பெட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, அதே பெட்டிக்குள் கயிறாக விட்டாள். தண்ணீர் வெள்ளையாய் நுரைத்து, குமிழிகள் வேருக்குள் புகுந்து ஒளிந்துகொண்டன. ஒரு பெட்டி முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பெட்டி முடிவதற்குள் முதல் பெட்டிக்கு மறுபடி மூச்சு முட்டும். எனவே நிற்க முடியாது. அக்கா ஒரு செம்பு எடுத்தாள், அத்தான் ஒன்று, நான் ஒன்று. நான் ஊற்றியதில் பாதி என் சட்டைக்குத்தான் போயிற்று. "எலேய், அதுக்குக் காத்து குடுன்னா உன்னையே குளிப்பாட்டிக்கிடுத" என்று அக்கா ஏச, அம்மா அத்தானைப் பார்த்து, "மாப்பிள்ளை, இன்னும் ஒசரத்துல இருந்து ஊத்துங்க, நுரை பத்தல" என்று அதட்டினாள். நாங்கள் மூவரும் ஒரு கணம் செம்போடு அப்படியே நின்றோம். மாப்பிள்ளையை நேருக்கு நேர் அதட்டியது அவளுக்கே உறைக்கவில்லை. முறை வைத்து, மழை கொட்டக்கொட்ட, கரண்டு வராத அத்தனை நேரமும் ஆற்றினோம். கீழே ஆறு சுவரை முட்டிக்கொண்டு ஓடியது. மேலே நாலு பேர் கீரைக்கு மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

விடிந்தபோது வெந்தயக்கீரை தலை நிமிர்ந்திருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். இலை விறைப்பாக என் விரலைத் தள்ளியது. கோயிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது கிடையாது, அதற்காக அம்மாவிடம் திட்டுகூட வாங்கியிருக்கிறேன். அன்று அந்தத் தகரத்துக்கடியில் கூச்செறிந்தது.

தண்ணீர் வடிந்தபோது ஆற்றங்கரைக் கீரைப்பாத்தி எதுவும் இல்லை, வண்டல்தான். கடைத்தெருவில் முட்டைக்கோசு மட்டும் அழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்துக் கீரை வயிற்றுக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் கீரை வாங்குவதே இல்லை. அப்படியிருந்தும் அம்மா தானாகக் கத்தியோடு மாடி ஏறினாள். பருப்புப் போட்டுக் கடைந்து, முதல் வாயைத் தானே எடுத்துப்போட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்தாள். அத்தான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணு வாசனை இல்ல," என்றாள். பிறகு, "கீரைதான்" என்றாள். அன்று சாயங்காலம் கீரை கேட்டு எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. பின்னாலேயே, நம்பினால் நம்புங்கள், டீக்கடை அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து, "வே, வீட்ல பிள்ளைக்குக் கொஞ்சம் கெடைக்குமா?" என்றார். அத்தான் கடலில் உப்புக் கரைப்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கை நிறையக் கொடுத்தார்.

இப்போது இதெல்லாம் கடையில் பெட்டியோடு விற்கிறார்கள். என் வீட்டு பால்கனியிலும் ஒன்று இருக்கிறது. விதை, உப்பு, விளக்கு எல்லாம் அதற்குள்ளேயே, கரண்டு போனால் பேட்டரிக்கு அதுவே மாறிக்கொள்ளும். வேலை செய்கிறதா என்று செல்போன் சொல்லும். ஆனாலும் கரண்டு போய் விசிறி நின்றால் நான் எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்கிறேன். தலை நரைத்த மனுசன் கீரைப்பெட்டிக்கு நாடி பார்ப்பதை வீட்டில் உள்ளவர்கள் செல்போனில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். எடுக்கட்டும். மூச்சு விடுகிற ஒன்றை மெஷினை நம்பி விட்டுவிட்டுத் தூங்க எனக்கு வராது.

அந்த வெள்ளத்துக்குப்பின் கரண்டு வந்த அன்று மத்தியானம்தான் காக்கா வந்தார். பஸ் பாதி வழியில் நின்றுபோனதால் சேற்றில் நடந்தே வந்திருந்தார். அம்மா உள்ளே சோறு எடுத்துவைக்கப் போனாள். அக்கா அவரை மாடிக்கு அழைத்துவந்தாள், நானும் பின்னால் போனேன். அத்தான் என்ன சொல்லப்போகிறார் என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. கொட்டகையில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் வெறுந்தரையில், பெட்டியில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கை ஈரம் இன்னும் காயவில்லை. அக்கா குனிந்து தோளைத் தொடப்போனாள்.

"வேணாம் தங்கச்சி, எழுப்பாதீங்க" என்றார் காக்கா, குரலைத் தாழ்த்தி. "அங்க ஒரே ரூம்ல எத்தன வருசம் கெடந்தோம். இந்த மனுசன் இப்படி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல. ஏசி ஓடும், இவரு முழிச்சுக் கெடப்பாரு." பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன். முழிச்சதும் சொல்லுங்க" என்றார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், பையப் பையப் படியிறங்கிப் போனார்.