சுகந்தன் நீதிபதிக்குச் சொன்ன பதில்கள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி சுகந்தனை அமெரிக்கா காணாமல் ஆக்கிவிட்டது என்று நான் முழுதாக ஏழு நிமிடம் நம்பினேன். தம்பி என்றால் சித்தப்பாவின் மகன். நியூ ஜெர்சியில் சிறையில் இருந்தான். அது எனக்குத் தெரிந்த விடயம்தான். பாரிஸில், லா சப்பலின் ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி வதனி அழைத்தாள்.

"அத்தான், இவருக்கு ஃபெடரல் கோர்ட்டிலை ஹேபியஸ் கோர்ப்பஸ் போடுறம். உங்கடை உதவி வேணும்."

அத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. ஆட்கொணர்வு மனு. பிடித்துக்கொண்டு போனவர்கள் பிடிக்கவே இல்லை என்பார்கள்; தாய்மார் படத்தோடு நீதிமன்ற வாசலில் நிற்பார்கள்; வழக்குத் தவணை தள்ளிப்போகும். சுகந்தனின் நல்ல படம் யாரிடம் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். கல்யாணப் படம் சரிவராது, அதில் கண்ணை மூடியிருக்கிறான்.

"என்னடா, முருங்கைக்காயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் கல்லாவில் இருந்த யோகண்ணை.

"சுகந்தனைக் காணேல்லையாம், அண்ணை."

"அவன் மறியல்லை, ஜெயிலிலையெல்லோ இருக்கிறான்? மறியல்லை இருக்கிறவன் எங்கையடா காணாமல் போறது?"

"எங்கடை ஊரிலை போனவங்கள்தானே."

யோகண்ணையே எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் வதனி திரும்ப அழைத்தாள். "ஆர் காணேல்லை? நேற்றும் போன் எடுத்தவர். சாப்பாட்டிலை உறைப்பே இல்லையாம்."

அமெரிக்காவில் அந்த மனுவுக்கு வேறு வேலையும் இருக்கிறது என்று பிறகு விளங்கிக்கொண்டேன். மாநில நீதிமன்றம் தண்டித்த கைதி, அங்கே எல்லாப் படியும் ஏறி இறங்கிய பிறகு, என்னை அடைத்து வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று மத்திய நீதிமன்றத்தில் கேட்கலாம். சுகந்தன் விடயத்தில் ஒரு சிக்கல். சாட்சிகளை விசாரித்து யாரும் அவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. அவனே எழுந்து நின்று "குற்றவாளி" என்று சொன்னவன்.

அவன் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு வந்திறங்கிய சிகரெட் பெட்டிகள் களவெடுத்தவை. முதலாளி இறக்கச் சொன்னார், இவன் இறக்கினான், கையெழுத்தும் வைத்தான். வழக்குக்குப் போனால் பத்து வருடமும் வரலாம், ஒத்துக்கொண்டால் ஐந்து என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவன் என்னை அழைத்தான். நான் ரயிலில், பியர்ஃபித்தில் உள்ள வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அண்ணை, கிறீன் காட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராதாம், லோயர் சொல்லுறார். ஆனா எனக்கு அது களவுச் சாமான் எண்டு தெரியாது. என்ன செய்ய?"

"தெரியாட்டி என்ன? ஓம் எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வாற வழியைப் பார்."

பெரிய சட்ட மேதையைப்போலச் சொன்னேன். என் சட்டப் படிப்பு முழுவதும் ஊரில் இராணுவக் காவலரண்களில் முடிந்தது. அங்கே தாளை நீட்டினால் கையெழுத்து வைப்போம். அடித்தார்களா என்று கேட்டால் இல்லை என்போம். வசதியாக இருந்ததா என்றால் ஓம் என்போம். சரியான பதில் என்பது வீட்டுக்கு அனுப்பும் பதில்.

வழக்கறிஞர் சொன்னது பிழை. அந்தத் தண்டனையோடு கிறீன் காட், அதாவது அமெரிக்காவில் தங்கும் உரிமை, போய்விடும். சிறை முடிந்ததும் நேரே விமானம். அங்கே பிறந்த இரண்டு பெண் பிள்ளைகளும் வதனியும் அங்கேயே இருப்பார்கள். பிழையான ஆலோசனையை நம்பித்தான் ஒத்துக்கொண்டேன், தெரிந்திருந்தால் வழக்காடியிருப்பேன் என்பதுதான் மனு. அதற்கு எதிராக இருந்தது அவனுடைய வாயேதான். ஒத்துக்கொண்ட அன்று நீதிபதி கேட்டதும் இவன் சொன்னதும் வரிவரியாகப் பதிவாகியிருந்தன. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. வழக்கறிஞரின் வேலை திருப்தியா? ஓம். இதனால் நாடு கடத்தப்படலாம், விளங்குகிறதா? ஓம்.

"விளங்காமல் ஏன் ஓம் எண்டவன்?" என்று வதனியிடம் பாய்ந்தேன். "வாயில்லையே அவனுக்கு?"

அவள், அன்றைய தொலைபேசிப் பேச்சைப் பற்றி நான் ஒரு சத்தியக் கூற்று தரவேண்டும் என்றாள். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். கையெழுத்து மட்டும் போதும், முத்திரை ஒன்றும் வேண்டாம் என்றும் சொன்னாள். முத்திரை இல்லாத தாளை எந்த நீதிபதி நம்புவான்? வதனிக்கு உலகம் தெரியாது என்று தீர்மானித்து, மேரிக்குப் போனேன். எங்கள் நகரசபையைத்தான் சொல்கிறேன். போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. அமெரிக்கப் பொலிஸ் என்னையும் கூட்டாளி என்று தூக்கிவிட்டால்? குளிர்காலச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் போனேன். சிறையில் கால் விறைக்கும் என்று கேள்வி.

முகப்பில் இருந்த பெண்மணி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, மிஸ்யூ?

"உய், மதாம்."

யாரும் வற்புறுத்தவில்லையே?

"நோன், மதாம்."

அப்படியென்றால் இந்த மூன்றாவது பந்தியில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்றாவது பந்தியைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் தந்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வாருங்கள், நீங்கள் விளங்கிக்கொள்ளாத ஒன்றுக்கு நான் முத்திரை குத்தமாட்டேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். துப்பாக்கி இல்லை, காவலரண் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவருக்கே கேட்ட உடனே ஓம் போட்டிருக்கிறேன். சுகந்தனுக்கு முன்னால் கறுப்பு அங்கி போட்ட நீதிபதி இருந்திருக்கிறார். வதனியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

அன்று பின்னேரம் என் மகள் அந்தத் தாளை வரிவரியாகப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினாள். வழக்கறிஞர் சொன்னதாகச் சுகந்தன் என்னிடம் சொன்னது இருந்தது. நான் அவனுக்குச் சொன்னது இல்லை.

"இதிலை நீங்கள் ஒண்டுமே கதைக்கேல்லை, பப்பா. சே பிசார்" என்றாள். விசித்திரமாக இருக்கிறதாம். நான் வாயை மூடியிருந்ததாக எழுதினால் எந்த நீதிபதி நம்பினாலும், என்னைத் தெரிந்தவன் நிச்சயம் நம்பமாட்டான். 'களவுச் சாமான் என்று தெரியாது என அவன் சொன்னான். ஓம் என்று சொல்லும்படி நான்தான் சொன்னேன்' என்று சேர்க்கச் சொன்னேன். எழுதும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முத்திரை இல்லாமலே கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

பதினான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. என் கூற்றை வாசித்ததாக நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார். ஆனால் நாடு கடத்தப்படலாம் என்று திறந்த நீதிமன்றத்தில் எச்சரித்தபோது, விளங்குகிறது என்று மனுதாரரே பதில் சொன்னது பதிவில் இருக்கிறது. மனு தள்ளுபடி. என்னைப் பிடிக்க யாரும் வரவில்லை.

சுகந்தன் தண்டனையை முடித்தான். சிறையிலிருந்தே தடுப்பு முகாமுக்கும், அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் கொண்டுபோனார்கள். இப்போது வவுனியாவில் வாடகை வீட்டில் இருக்கிறான். வதனியும் பிள்ளைகளும் நியூ ஜெர்சியில். நான் இன்னும் பிரான்சில் அகதி. என் பயணப் புத்தகத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அச்சடித்திருக்கிறது.