வயது வரம்பு இல்லாத தொழில்

எங்கள் வீட்டில் மாமனாருக்கு விவசாயம், எனக்குத் தையல் மிஷின், வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடுவது. மூன்றில் வருஷம் முழுக்க ஓய்வில்லாத தொழில் அவருடையதுதான்.

அவர் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர். கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுத்து, எதுவும் நிரந்தரம் ஆகாமல், பத்தாவது முடித்திருந்தால் போதும் என்கிற குரூப் ஃபோர் பரீட்சைக்கு வந்து சேர்ந்தார். நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் ஃபைலும் கையுமாக அலைகிறாரா? வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க.

கொட்டாம்பட்டியில் என் அண்ணன் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். "இந்தத் தடவையும் கெடைக்கலைன்னா மாப்ள நம்ம கடையில வந்து கணக்குப் பாக்கட்டும்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். மச்சினன் கடையில் சம்பளத்துக்கு உட்காருவதா? இவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பரீட்சை எங்கள் வீட்டில் வெறும் பரீட்சையாக இல்லை.

எப்போது முடியும்?

சமயநல்லூரில் செல்வி அக்காவின் பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பம் போடுவோம். தன்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இவர் வாசலுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நிற்பார். போட்டோவும் கையெழுத்தும் ஏற்றுகிற வரைக்கும் உள்ளே நான்தான் காவல்.

அன்றைக்குத் தைரியத்தைத் திரட்டி அக்கா காதில் கேட்டேன்: "இதுக்கு எத்தன வயசு வரைக்கும் எழுதலாம்க்கா?" ஏதாவது ஒரு வயசைச் சொன்னால், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ளலாமே என்று ஒரு நப்பாசை. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நம்ம பிரிவுல பத்தாவதோட நின்னவங்களுக்குத்தான் தங்கச்சி வயசு வரம்பு. ஒங்க வீட்டுக்காரரு படிச்ச படிப்புக்கு அதெல்லாம் கெடையாது. பேரன் எடுத்த பெறகும் வந்து எழுதலாம்."

வேற கேட்டு

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. தேய்த்த வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக இவர் வரிசையில் நிற்க, முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனான். கல்லூரியில் இவரிடம் தமிழ் படித்தவனாம். "அய்யா, சூப்பர்வைசருங்க எல்லாம் அந்தக் கேட்டு வழியாப் போறாங்க. இது எங்க வரிசைங்கய்யா" என்றான்.

இவர் ஹால் டிக்கெட்டைப் பாதி மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நான், பக்கத்து ஜூஸ் கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரித் திரும்பிக்கொண்டேன். பையன் சட்டென்று குனிந்து இவர் காலைத் தொட்டான். எழுந்து, கூச்சத்தோடு சொன்னான்: "ஆசீர்வாதம் பண்ணுங்கய்யா. ஆனா நீங்க நடத்துனத நீங்களே வந்து எழுதிட்டா, நாங்க எங்கய்யா போறது?"

ஐந்தாவது வட்டம்

இந்தப் பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கும். அதுபோக ஐந்தாவதாக ஒரு வட்டம், 'விடை தெரியவில்லை' என்று. ஒன்றும் தெரியாதவர்கள் அதைக் கறுப்பாக்கிவிட்டு வரலாம்.

வீட்டுக்கு வந்ததும், "நான் ஆராய்ச்சி பண்ணுன நூலப் பத்தியே கேட்டுட்டான். அது எந்த நூற்றாண்டுன்னு கேள்வி" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். "அப்ப அது சரியா வந்திருக்கும்ல?" என்றேன்.

"அஞ்சாவது வட்டம் போட்டேன்."

"என்னங்க சொல்றீங்க! வருஷக் கணக்கா அதத்தான படிச்சீங்க?"

"படிச்சதாலதான். அவன் குடுத்த நாலுக்குமே ஆதாரம் இருக்கு, நாலுக்கும் மறுப்பும் இருக்கு. அறிஞர்களே முடிவு பண்ணாதத நான் எப்படி ஒரு வட்டத்துல முடிவு பண்றது?"

வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்த மாமனார், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்குடா அம்புட்டுப் படிப்பு? என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தா எல்லாக் கேள்விக்கும் அதயே போட்டிருப்பேனே!"

ஒன்றாம் வகுப்பு

அப்படியும் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. இவருடைய மார்க்குக்கு அது இருந்தால்தான் கரையேற முடியும். அதற்கு முனைவர் பட்டம் செல்லாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குப் படித்த பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மிஷன் ஆரம்பப் பள்ளிக்குத் தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துப் போனார். தலைமையாசிரியை சிஸ்டர் ஊருக்குப் புதுசு. என் கையைப் பிடித்து நின்ற மகள் யாழினியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணாம் வகுப்புதானே?" என்றார். நான் தலையாட்டினேன். பேர் கேட்டார். இவர் தன் பேரைச் சொன்னார். "அப்பா பேரு அப்புறம் சார், பிள்ளை பேரச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

நான் விரலை நீட்டி இவரைக் காட்டினேன்.

விஷயம் புரிந்ததும் சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, எழுதி, சீல் வைத்து என் கையில்தான் கொடுத்தார். "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்கம்மா. வழியில ஐஸ் கேட்டா வாங்கிக் குடுக்காதீங்க."

சரியான படிப்பு

கிடைத்துவிட்டது. மதுரையில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அண்ணன் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

இவருக்குக் கொடுத்தது தபால் பிரிவு. வருகிற தபாலைப் பிரித்து முத்திரை குத்த வேண்டும். போன வாரம் அங்கே அலுவலக உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எட்டாவது போதும். கட்டுக்கட்டாக விண்ணப்பம் வந்ததாம். பிரிக்கப் பிரிக்கப் பட்டம் வாங்கியவர்கள். ஒன்றில் இவரோடு ஒரே அறையில் தங்கி ஆராய்ச்சி செய்த நண்பர், முனைவர் பட்டத்தோடு. அதிலும் இவர் கையாலேயே முத்திரை குத்தினாராம்.

சொல்லிவிட்டு என் தையல் மிஷின் பக்கம் வந்தார். பிறகு பையிலிருந்து ஒரு வெற்று விண்ணப்பத்தை எடுத்து, நான் வெட்டி வைத்திருந்த ஜாக்கெட் துணிமேல் வைத்தார். "எனக்கெல்லாம் எங்கங்க" என்று பின்வாங்கினேன். பேனாவைத் திறந்து என் விரலுக்குள் செருகினார்: "வந்து குவிஞ்சு கெடக்குறதுல இந்த வேலைக்குன்னே படிச்சவ நீ ஒருத்திதான். கையெழுத்துப் போடு."

போட்டுவிட்டேன். எட்டாவது படித்தவளுக்கு வயசு வரம்பு உண்டு என்பதால், இந்த விண்ணப்பத் தொழில் என்னோடாவது ஒருநாள் முடியும்.