கிளாரினெட்காரரின் முன்பற்கள்

பழைய பல்லைத் திருப்பித் தா என்று அன்றைக்கு வரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் துறைமுகப் பக்கம் பொய்ப் பல் கட்டுகிறவள். கிண்ணியா, மூதூர், புல்மோட்டை என்று எங்கிருந்து வந்தாலும், வெற்றிலை போட்டுக் கறுத்த வாய்க்காரர்கூட முத்துப் போலப் பல் வேண்டும் என்பார். அந்தப் பழக்கத்தில்தான், இரண்டாக உடைந்து வந்த ஒரு ஜெர்மன்காரரின் மேல்பல் செட்டை ஒட்டியதோடு நிற்காமல், தேய்ந்திருந்த இரண்டு முன்பற்களையும் சீவி எடுத்துவிட்டுப் புதிய பல் வைத்தேன். வயதான மனிதர், நல்லாயிருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவரையும் மனைவியையும் நிலாவெளி ஹோட்டலில் இருந்து ஒரு வான் சாரதி கூட்டி வந்திருந்தார். சாரதி ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்களுக்கு நடுவில் மொழிபெயர்த்ததும் அவர்தான்.

"அக்கா, இவர் சும்மா ஆள் இல்லை. கிளாரினெட் வாசிக்கிறவர். அங்கை பெரிய நடன பாண்ட் ஒண்டை நடத்தினவர். இண்டைக்குப் பின்னேரம் ஹோட்டல்ல வாசிக்கப் போறாராம். இதுதான் கடைசி. இனி ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம்."

அவர் செட்டைப் போட்டுக்கொண்டு கறுப்புக் குழலை வாயில் வைத்து ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம். குழலின் முனை பல்லில் நிற்காமல் வழுக்கியது. மறுபடி ஊதினார், அதே கீச்சு. அவருடைய முகம் செத்துப்போயிற்று. செட்டைக் கழற்றி முன்பல்லின் விளிம்பைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"பள்ளம் எங்கை எண்டு கேக்கிறார் அக்கா."

பிறகுதான் விளங்கியது. குழலின் முனையில் மேல்பல்லை ஊன்றித்தான் ஊதுவார்களாம். அது ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளத்தைத்தான் நான் பழுது என்று சீவித் தள்ளியிருந்தேன். அது தூளாகக் குப்பையில் கிடந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதை முதலே சொல்ல வேண்டாமோ?"

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றார் சாரதி.

கடி பார்க்கிற நீலத் தாளைப் பல்லில் வைத்துக் குழலைக் கடிக்கச் சொன்னேன். நீலம் பட்ட இடத்தை மயிரிழையாகச் சீவினேன். ஊதுவார், தலையை ஆட்டுவார், கழற்றித் தருவார். நான் சீவுகிற நேரமெல்லாம் அவர் கதை சொன்னார். சின்ன ஊரின் தீயணைப்புக்காரர் பாண்டில் பழகினாராம். பிறகு அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்க ஆமிக்காரரின் கிளப்புகள், வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்க வருகிறவர்களின் மண்டபங்கள், ரேடியோ. சொந்த பாண்ட் வைத்து, ஒரே உடுப்புப் போட்ட வாத்தியக்காரர்களோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனாராம். மின் கிற்றார் வந்ததும் கிராக்கி குறைந்து ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. கேட்கக் கேட்க எனக்குக் கை கூசியது. ஒரு மனிதர் வருடக்கணக்காக ஊதித் தேய்த்ததை ஒரு பகலில் என்னால் எப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்?

கடைசியில் ஒரு தரம் தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்து ஊதினார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அடியில் இருந்து மெதுவாக எழும்பி வந்து என் சின்னக் கடையை நிறைத்தது. பக்கத்து டயர் கடைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். சத்தியமாக, அந்த மெலிந்த நெஞ்சுக்குள் இவ்வளவு மூச்சு எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதுவரை கதிரையில் இருந்த அவருடைய மனைவி எழும்பி, ஆட வரச்சொல்லி என் முன்னால் கையை நீட்டினார்.

"எனக்கு ஆடத் தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றேன் சாரதியிடம்.

சாரதி கேட்டுச் சொன்னார். "பரவாயில்லையாம். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இவர் வாசிப்பாராம், அவ வேறை ஆரோடையாவதுதான் ஆடுவாவாம். இவரோடை ஒருநாளும் ஆடக் கிடைக்கேல்லையாம்."

தூள் படிந்த உடுப்போடு நான் கால் மாறிக் கால் வைத்தேன். அந்த அம்மா என் தலைக்கு மேலால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த அந்த அம்மாவின் விரல்கள், குழலில் கணவரின் விரல்கள் எழும்புகிற மாதிரியே, ஒன்றுகூடத் தப்பாமல் எழும்பி எழும்பி விழுந்தன.